கணுக்கால் மடங்கினால் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

“நடக்க முடியுது இல்ல? அப்ப எலும்புக்கு ஒண்ணும் ஆகலை.” நீலகிரியில் வாலிபாலோ கால்பந்தோ நடக்கிற எந்த மைதானத்திலும் இது காதில் விழும். இதோடு இன்னும் மூன்று சேர்ந்து வரும். விரலை ஆட்ட முடிந்தால் முறிவு இல்லை. வீக்கம் பெரிது என்றால் அடியும் பெரிது. மயக்கம் போடவில்லை என்றால் தலைக்கு ஆபத்தில்லை. நான்கும் தவறு. ஆனால் நான்கையும் நம்பிக்கையோடு சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல பயிற்சியாளர்கள், அக்கறையுள்ள அண்ணன்மார்கள். அதனால்தான் இதை விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

மலையில் இந்தத் தவறுக்கு விலை கொஞ்சம் அதிகம். ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ போக பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் ஊட்டியிலிருந்து கோவைக்குச் சுமார் 85 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் வளைவும் இறக்கமும். அதனால் ஒரு பக்கம், “காலையில பாத்துக்கலாம்” என்று முறிந்த காலோடு இரவைக் கழிக்கிறார்கள். இன்னொரு பக்கம், சாதாரணச் சுளுக்குக்கு ஜீப் வைத்துக் கீழே இறங்கி அலைகிறார்கள். மைதானத்தில் நிற்பவருக்குக் காயத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை. அது மருத்துவரின் வேலை. இப்போதே மருத்துவமனையா, இன்றைக்கு ஆட்டம் போதுமா, தொடர்ந்து ஆடலாமா என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் அவர் வேலை. அதற்கு எக்ஸ்ரே தேவையில்லை. வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

எலும்பையும் எலும்பையும் மூட்டில் பிடித்து வைத்திருக்கும் பட்டைக்கு லிகமென்ட் என்று பெயர். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். லிகமென்ட் அளவுக்கு மீறி இழுபட்டால் அது சுளுக்கு. தசையோ தசைநாணோ இழுபட்டுக் கிழிந்தால் அது தசைக் கிழிசல். கணுக்காலில் பெரும்பாலும் வருவது முதல் வகை, தொடையிலும் கெண்டையிலும் இரண்டாவது வகை.

லிகமென்ட்டைப் பல புரிகள் முறுக்கிய கயிறாக எண்ணிக்கொள்ளுங்கள். சில புரிகள் மட்டும் பிய்ந்தால் கயிறு இன்னும் பிடிக்கும், ஆனால் இழுக்கும்போது வலிக்கும். இது முதல் நிலை. பாதிப் புரிகள் அறுந்தால் கயிறு தொய்கிறது. இது இரண்டாம் நிலை. முழுக்க அறுந்தால் மூன்றாம் நிலை, அப்போது மூட்டில் பிடிமானமே இருக்காது. இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. முழுக்க அறுந்த பிறகு இழுபட எதுவும் மிச்சமில்லாததால், பாதி அறுந்த காலைவிட முழுதும் அறுந்த காலை அசைக்கும்போது சில சமயம் வலி குறைவாகவே இருக்கும். வலியை மட்டும் வைத்துக் காயத்தை அளக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

வீக்கமும் அப்படித்தான். திசு கிழியும்போது அதிலுள்ள நுண் ரத்தக் குழாய்களும் அறுகின்றன. ரத்தம் கசிகிறது. அடிபட்ட திசுவிலிருந்து வெளிவரும் ரசாயனங்கள் பக்கத்துக் குழாய்களை விரித்துவிடுவதால் நீரும் ஊறி வெளியே வருகிறது. எவ்வளவு வீங்கும் என்பது அந்த இடத்தில் எத்தனை குழாய் அறுந்தது, அடிபட்ட பிறகும் எவ்வளவு நேரம் ஓடினார், காலைத் தொங்கவிட்டிருந்தாரா என்பதையெல்லாம் பொறுத்தது. முட்டை அளவு வீங்கிய கால் ஒரு வாரத்தில் நடந்துவிடலாம். லேசாக வீங்கிய காலுக்குள் எலும்பு விண்டிருக்கலாம்.

சரி, முறிந்த எலும்போடு எப்படி நடக்க முடியும்? முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடல் எடையின் பெரும்பங்கைத் தாங்குவது உள்பக்கத்துப் பெரிய எலும்பு. வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு தாங்குவது கொஞ்சம்தான். கணுக்கால் உள்நோக்கி மடங்கும்போது உடைவது பெரும்பாலும் இந்த மெல்லிய எலும்பின் நுனி. அது உடைந்தும் நொண்டி நொண்டி நடப்பவர்கள் உண்டு. விரலை ஆட்டுவதும் எதையும் நிரூபிக்காது. விரல்களை இழுக்கும் தசைகளில் முக்கியமானவை முழங்காலுக்குக் கீழே கெண்டைப் பகுதியில் இருக்கின்றன. கணு உடைந்தாலும் அவை தம் வேலையைச் செய்யும்.

ஆக, வலியின் அளவு, வீக்கத்தின் அளவு, விரலின் அசைவு ஆகிய மூன்றும் தனித்தனியாக எதையும் சொல்வதில்லை. அப்படியென்றால் எதைப் பார்ப்பது?

கிட்டே போவதற்கு முன்

விழுந்தவரை நோக்கி நடக்கும்போதே பார்வை தொடங்கிவிட வேண்டும். கத்துகிறாரா, அசைகிறாரா, காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா? கத்துபவருக்கு மூச்சு இருக்கிறது. அசையாமல் கிடப்பவரைப் பற்றித்தான் பயப்பட வேண்டும். நினைவில்லாமல் கிடந்தால் கழுத்து எலும்பிலும் அடிபட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கி உட்கார வைக்கக் கூடாது, முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது, வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். யாரும் மோதாமலே ஒருவர் சரிந்து விழுந்து மூச்சும் சரியில்லை என்றால் அது இதயமாக இருக்கலாம். உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

இந்த ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காலைப் பார்க்க வேண்டும்.

கேள், பார், தொடு, அசை

உலகம் முழுக்க விளையாட்டுக் காயம் பார்ப்பவர்கள் பின்பற்றும் வரிசை இது. வரிசை மாறக் கூடாது. நம் ஊரில் எல்லோரும் கடைசிப் படியிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம். கீழே விழுந்தவனின் காலைப் பிடித்து முதலில் ஆட்டிப் பார்க்கிறோம்.

முதலில் கேள்வி. “வலிக்குதா?” என்று கேட்டால் ஆமாம், இல்லை தவிர வேறு பதில் வராது. அதுவும் மொத்த டீமும் சுற்றி நிற்கும்போது, பத்தாம் வகுப்புப் பையன் “ஒண்ணும் இல்ல சார்” என்றுதான் சொல்வான். அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய் உட்கார வைத்து, “என்ன ஆச்சு, மொதல்ல இருந்து சொல்லுப்பா” என்று கேளுங்கள். கால் எந்தப் பக்கம் மடங்கியது, ‘டப்’பென்று சத்தம் கேட்டதா, எழுந்தவுடன் அடி வைக்க முடிந்ததா, இதே காலில் முன்பு அடிபட்டிருக்கிறதா? கடைசியாக, “ஒரே விரலால எங்கன்னு காட்டு.” ஒரு விரலால் ஒரு புள்ளியைக் காட்டுபவருக்கும் உள்ளங்கையால் மொத்தக் கணுக்காலையும் தடவிக் காட்டுபவருக்கும் இடையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அடுத்து பார்வை. ஷூவையும் சாக்ஸையும் கழற்றாமல் பார்ப்பது பார்ப்பதே இல்லை. இரண்டு காலிலும் கழற்றுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நீட்டச் சொல்லி, நல்ல காலோடு ஒப்பிடுங்கள். சிலருக்குக் கணு இயல்பாகவே புடைத்திருக்கும், அது ஒப்பிட்டால்தான் தெரியும். கால் கோணியிருந்தால், பாதம் வெளுத்து ஜில்லிட்டிருந்தால், எலும்பு தோலைக் கிழித்திருந்தால் இனி எந்தச் சோதனையும் வேண்டாம். இருக்கிற நிலையிலேயே அட்டையோ மட்டையோ வைத்துக் கட்டி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதுதான். ஒன்றை மட்டும் இங்கே நினைவில் வையுங்கள். ஊட்டியின் உறைபனிக் காலையில் எல்லாருடைய கால்களும் ஜில்லென்றுதான் இருக்கும். ஒரு கால் மட்டும் ஜில்லிட்டிருப்பதுதான் எச்சரிக்கை.

மூன்றாவது தொடுதல். இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நல்ல காலை முதலில் அழுத்துங்கள், அப்போது எவ்வளவு அழுத்தம் வரும் என்று அவருக்குத் தெரியும். பிறகு அடிபட்ட காலில் வலிக்காத இடத்திலிருந்து தொடங்கி வலிக்கிற இடத்தை நோக்கி வாருங்கள். கண் காலின் மேல் இருக்கக் கூடாது, முகத்தின் மேல் இருக்க வேண்டும். வாய் “இல்லை” என்று சொன்னாலும் புருவம் சுருங்கிவிடும்.

எங்கே அழுத்துவது என்பதற்கு ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1992-ல் வெளியிட்ட ஒட்டாவா கணுக்கால் விதிகள் அவை. எந்தக் காலுக்கு எக்ஸ்ரே தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரிப்பதற்காகவே உருவானவை. அழுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. கணுவின் வெளிப்பக்கக் குமிழின் நுனியும் அதன் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் வரையிலும். அதேபோல் உள்பக்கக் குமிழின் நுனியும் பின்விளிம்பும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து குதிகால் நோக்கித் தடவிக்கொண்டே வந்தால் ஏறக்குறையப் பாதி வழியில் தட்டுப்படும் எலும்பு முனை. பாதத்தின் உள் ஓரத்தில், கணுவுக்குச் சற்று முன்னால் புடைத்திருக்கும் எலும்பு. கணுப் பகுதியிலோ நடுப்பாதத்திலோ வலி இருந்து, இந்த நான்கில் எங்காவது எலும்பை அழுத்தும்போது வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்டவுடனும் பிறகு சோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் வேண்டும். நொண்டி வைத்தாலும் அது அடிதான்.

பின்விளிம்பு என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கால் உள்நோக்கி மடங்கும்போது முதலில் இழுபடும் லிகமென்ட் வெளிக்குமிழுக்கு முன்னால், சற்றுக் கீழே இருக்கிறது. சுளுக்கு என்றால் அங்கே வலிக்கத்தான் செய்யும். பின்பக்கத்தில் எலும்பின் மேலேயே வலித்தால் விஷயம் வேறு. இரண்டு இடங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கும். இதைப் பிரித்துப் பார்க்கப் பழகிய ஒரு உடற்கல்வி ஆசிரியர் எத்தனையோ வீண் அலைச்சலை மிச்சப்படுத்துவார், எத்தனையோ முறிவுகளைத் தவறவிடாமல் பிடிப்பார். ஒரு எச்சரிக்கையும் உண்டு. குடித்திருப்பவர், தலையிலும் அடிபட்டவர், சர்க்கரை நோயால் கால் மரத்தவர் ஆகியோரிடம் இந்த விதிகளை நம்பக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி உண்டு. பல சமயம் லிகமென்ட் கிழிவதற்கு முன் அது விலகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எலும்பின் மேல் வலி என்றால் தயங்காமல் எக்ஸ்ரே எடுத்துவிடுவதே நல்லது.

கடைசியாக அசைவு. எலும்பின் மேல் சந்தேகம் இருந்தால் இந்தப் படியே வேண்டாம். இல்லையென்றால் முதலில் அவராகவே பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். பிறகு நீங்கள் மெதுவாக அசையுங்கள். பிறகு உங்கள் கையை எதிர்த்து அவர் தள்ளட்டும். மூன்றும் சரியாக இருந்தால் நடை, மெல்லோட்டம், ஒற்றைக்காலில் குதித்தல், வளைந்து ஓடுதல் என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எல்லாவற்றையும் நொண்டாமல் செய்தால் ஆடலாம். எங்கே நின்றாலும் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான்.

சுருக்கமாக: கேட்டு, பார்த்து, தொட்டு முடிக்கும்வரை யாரும் காலை அசைக்கக் கூடாது. எலும்பின் மேல் வலி, நான்கு அடி நடக்க முடியாமை, கோணல், பாதம் வெளுத்து ஜில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை.

தைலமும் நீவலும்

நம் மலையில் அடிபட்டவுடன் முதலில் வருவது நீலகிரித் தைலம்தான். வாசனையே பாதி வலியைப் போக்கிவிடும். தோலில் குளிர்ச்சியும் சூடும் மாறி மாறித் தெரிவதால் கவனம் அங்கே போய் வலி மட்டுப்படுகிறது. அறுந்த லிகமென்ட்டை அது ஒட்ட வைப்பதில்லை. தைலத்தை விட அதைத் தேய்க்கும் கைதான் பிரச்சினை. இப்போதுதான் கசிவு நின்றுகொண்டிருக்கும் குழாய்களை அழுத்தி நீவினால் மறுபடி கசியும், வீக்கம் பரவும். சுளுக்கு எடுக்கிறேன் என்று வெடுக்கென்று இழுப்பது அதைவிட மோசம். உள்ளே எலும்பு விண்டிருந்தால் அந்த ஒரு இழுப்பு அதை விலக்கிவிடலாம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நீவல் வேண்டாம், சூடும் வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. துணியில் சுற்றிய ஐஸை 15 அல்லது 20 நிமிடம் வைக்கலாம். இழுவைத் துணியால் (கிரேப் பேண்டேஜ்) விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கட்டி, விரல் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் ஒன்றாகச் சேர்த்து 1978-ல் பரவலாக்கியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014-ல், நீண்ட நேர ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். எனவே ஐஸ் வலி குறைய மட்டும்தான். எலும்பு சரியாக இருந்தால், வலி பொறுக்கிற அளவுக்குச் சீக்கிரமே அசைக்கத் தொடங்குவது நல்லது.

இன்னொன்று. முதல் நாளில் வீக்கத்தாலும் வலியாலும் லிகமென்ட் எவ்வளவு அறுந்தது என்று மருத்துவரே சரியாகச் சொல்ல முடியாது. நான்காம், ஐந்தாம் நாளில் மறுபடி காட்டினால்தான் தெளிவாகத் தெரியும். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதோடு நிறுத்திவிட்டு அந்த இரண்டாவது முறை போகாதவர்களுக்குத்தான் அதே கணு மறுபடி மறுபடி மடங்குகிறது.

முழங்காலில் கடிகாரம் முக்கியம்

முழங்காலில் வீக்கத்தின் அளவைவிட வந்த நேரம் அதிகம் பேசும். திரும்பும்போது ‘டப்’பென்று சத்தம் கேட்டு, ஓரிரு மணி நேரத்துக்குள் முழங்கால் உப்பிவிட்டால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. பெரும்பாலும் நடுவில் இருக்கும் முன் லிகமென்ட் அறுந்திருக்கும். மறுநாள் காலையில் மெல்ல வீங்கினால் அது குருத்தெலும்புத் தட்டு போன்ற வேறு காயமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுமே மருத்துவரிடம் போக வேண்டியவைதான். எத்தனை மணிக்கு அடிபட்டது, எத்தனை மணிக்கு வீங்கியது என்று நீங்கள் சொன்னால் அவருடைய வேலை பாதியாகும்.

தலையில் அடி

தலையில் மோதும்போது மூளை மண்டைக்குள் குலுங்கி, அதன் வேலை சிறிது காலம் தடுமாறுவதற்குக் கன்கஷன் என்று பெயர். இதற்கு மயக்கம் போட வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலானவர்கள் மயங்குவதில்லை. ஸ்கேனிலும் எதுவும் தெரியாமல் போகலாம். மூளையின் வேலை கெட்டிருக்கிறதே தவிர, படத்தில் தெரிகிற மாதிரி எதுவும் உடைந்திருக்காது.

கண்டுபிடிக்கும் வழி பேச்சுதான். “உன் பேர் என்ன?” என்று கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இது எந்த மைதானம், இது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாக யார் கோல் போட்டது, போன மேட்சில் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா என்று கேளுங்கள். ஒன்றில் தடுமாறினாலும், தலைவலி, மங்கலான பார்வை, தள்ளாட்டம், குமட்டல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கு அவர் திரும்ப இறங்கக் கூடாது. சந்தேகம் என்றாலும் இறங்கக் கூடாது. இறுதிப் போட்டியாக இருந்தாலும் அப்படித்தான். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை அதைத் தாங்காமல் போகலாம். அப்படி உயிரிழந்த இளம் வீரர்கள் உலகில் பலர்.

அன்று அவரைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போவது, மறுபடி மறுபடி வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கழுத்து வலி, கை கால் மரத்துப் போவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மெல்ல வரும் வலி

ஒரே நாளில் வராத காயங்களும் உண்டு. மலைப் பாதையில் இறங்கி ஓடும்போது, தொடைத் தசை நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் தசையைப் பிய்க்கும். அதனால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்து, மூன்று நான்கு நாளில் தானே போய்விடும். இது காயமில்லை, பழக்கமின்மை.

கவலைப்பட வேண்டியது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வரும் வலிக்கு. சமவெளியிலிருந்து உயரப் பயிற்சிக்காக 2,240 மீட்டர் உயரத்திலிருக்கும் ஊட்டிக்கு வரும் ஓட்டக்காரர்கள், வந்த வாரத்திலேயே தூரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். எலும்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைப்பதில்லை. திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதற்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று பெயர். இங்கேயும் விரல்தான் சோதனை. எலும்பின் உள்விளிம்பில் சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பின் ஓரத் திசுவில் வந்த அழற்சி, சுமையைக் குறைத்தால் ஆறும். ஒரு காசு அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், அதுவும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்கள் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். “எக்ஸ்ரே நார்மல்” என்று மறுபடி ஓட விட்டுவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? ஓடும் அளவுக்குச் சாப்பிடாதபோது மாதவிடாய் நிற்கும், எலும்பும் பலவீனமாகும். பயிற்சியாளருக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆசிரியை ஒருவர் கேட்கட்டும். கேட்காமல் மட்டும் விடக் கூடாது.

அனுப்பும்போது ஒரு சீட்டு

மருத்துவமனைக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அடிபட்ட நேரம். எப்படி அடிபட்டது. நான்கு அடி நடக்க முடிந்ததா. எந்த இடத்தை அழுத்தினால் வலித்தது. வீக்கம் எப்போது வந்தது. மாத்திரை கொடுத்திருந்தால் எது, எத்தனை மணிக்கு. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துவிடுங்கள், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பவர் முதலில் கேட்பது அதைத்தான். அதனால் முறிவு என்று சந்தேகப்பட்டால் போகிற வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.